ஷெர்லினின் ஆராய்ச்சியும் என் பேனரும்

என் மனைவி ஷெர்லினுக்கு டாக்டர் பட்டம் கிடைத்ததை ஊருக்குச் சொன்ன பேனரின் அளவு பத்தடிக்கு எட்டடி. ஒரகடம் கூட்டுரோட்டில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு அதைக் கட்ட வைத்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் நல்லவனாக வர மாட்டேன். கடைசிவரை காத்திருந்து ஏமாற வேண்டாம்.

ஷெர்லின் வாலாஜாபாத் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா யாகப்பன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மகள் எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்தபோது அவருடைய சிபாரிசு அந்த கேட்டுக்குள்ளே மட்டும்தான் செல்லுபடியானது. ஆகவே எம்.ஏ. படித்தவள் லைனில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு ஸ்க்ரூ முடுக்கினாள். அந்த லைனுக்கு அப்போது நான்தான் லீடர். டீ டைமில் மற்ற பெண்கள் சீரியல் கதை பேசுவார்கள். இவள் பையில் மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை விரிப்பாள். எனக்கு அது பிடித்துப்போனது. அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட். அந்தச் சண்டையை எழுத உட்கார்ந்தால் இந்தக் கதைக்கு இடமிருக்காது. எப்படியோ கல்யாணம் ஆகி சேரப்பணஞ்சேரிக்கு வந்தாள்.

பிறகு தண்டலம் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் அவளுக்கு வேலை கிடைத்தது. பாஸ் ஆனால் போதும் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை. நானும் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனிக்கு சூப்பர்வைசராக மாறினேன். டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் ரொம்ப நாள் நீடிக்க முடியாது என்று அவளுடைய மேனேஜ்மென்ட் சொன்னது. பகுதிநேரமாகப் பதிந்துகொள் என்று நான்தான் சொன்னேன். பெண் பஞ்சாயத்துத் தலைவர்கள், சுய உதவிக் குழுக்கள் என்று சுலபமாக ஏதாவது எடுப்பாள், மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் ஜாவாத் தீவை எடுத்தாள்.

அதற்குக் காரணம் தேவி ரத்னாசாரி. இந்தோனேசியக்காரி. அவள் கணவன் ஒரகடத்தில் இன்ஜினீயர், குடியிருப்பு படப்பையில். அவர்களுடைய மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஷெர்லின் வாரம் மூன்று நாள் போவாள். படப்பையில் காய்கறிக் கடைக்காரர் முதல் என் அம்மா வரை எல்லோரும் ஷெர்லினிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "தேவின்னு பேரு வச்சிகினு, முக்காடு போட்டுகினு கீதே, அது இன்னா மதம்?" முஸ்லிம் என்றால் நம்ப மாட்டார்கள். ஒருநாள் தேவி வீட்டு ஃபிரிட்ஜில் ஷெர்லின் ஒரு காலண்டரைப் பார்த்தாள். நம்மூர் கட்சிக் காலண்டர் போலவே, சிரித்த முகத்தோடு ஒரு பெண்மணி. யார் என்று கேட்டாள். என் சின்னம்மா, ஊரில் கட்சி மகளிர் அணியில் இருக்கிறார் என்றாள் தேவி. ஏழு வருட ஆராய்ச்சி அந்த ஃபிரிட்ஜ் முன்னால் ஆரம்பித்தது.

சின்னம்மா பெயர் முனவரோ. மத்திய ஜாவாவில் ஒரு சின்ன ஊரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஐம்பது தாண்டியவர். அவருடைய கட்சி மதத்தின் பெயரைச் சொல்லும் கட்சிகளில் ஒன்று. ஷெர்லின் கேட்க வந்த கேள்வி எளிமையானது. பத்தில் ஒன்பது பேர் முஸ்லிமாக இருக்கும் ஊரில், ஒரு பெண் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறாள்? அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் மொழியைப் படித்தாள். காலேஜ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் அதுதான் ஓடும். சாயங்காலம் ஆறரைக்கு அங்கே எட்டு மணி, தொழுகையெல்லாம் முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் உட்காருவாள். முனவரோ ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். காய்கறி விற்கிறவர், டீச்சர், துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் என்று மொத்தம் நாற்பத்தொரு பெண்கள். முனவரோ சொன்னதற்காக மட்டுமே அவர்கள் பேசினார்கள்.

அவர்கள் பேசியது மார்க்கத்தைப் பற்றி அல்ல. மழை வந்தால் வீட்டுக்குள் வரும் சாக்கடையைப் பற்றி, அரிசி விலையைப் பற்றி, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காததைப் பற்றி. மதம் வேண்டாம் என்றல்ல, அதுதான் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறதே, அதைக் காட்டி ஓட்டு கேட்டால் எப்படி என்று ஒரு கிழவி சொல்லியிருக்கிறாள். கட்சியின் பெயரில் மதம் இருந்தும், ஓட்டு கேட்கப் போகும் பெண்கள் சாக்கடையைத்தான் பேச வேண்டியிருக்கிறது என்பதே ஷெர்லின் கண்டது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் செல்போனில் டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு நாலு மாதம் படித்தேன். அப்போது தெரியாது. அவள் பேசும் அறையில்தான் நானும் காலை நீட்டிக்கொண்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் 'முஸ்லிம் பாலிடிக்ஸ்' என்ற இரண்டு வார்த்தை. கேன்டீனில் யாராவது வீட்டம்மா என்ன படிக்கிறார் என்று கேட்டால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வேன். கேட்டவன் முகம் மாறும். "ரிஸ்க்கான சப்ஜெக்ட் ஆச்சே" என்பான். "ஆமாம்பா, இன்னா பண்றது" என்று பெருமூச்சு விடுவேன். என் பெண்டாட்டி ஏதோ ஆபத்தில் இறங்கியிருக்கிறாள், நான் பெரிய மனதோடு விட்டிருக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொள்வான். அது எனக்குச் சுகமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முனவரோ முதல் மாதமே ஷெர்லினிடம் ஒன்று கேட்டிருக்கிறார். "எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்களைப் பார்க்கும் முன்பே துப்பாக்கியைத்தான் தேடுகிறார்கள். நீ எப்படி எழுதுவாய்?" நீங்கள் சொல்வதை எழுதுவேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். எழுதவும் செய்தாள். தலைப்பில் 'தீவிரவாதம்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவளுடைய கைடு சொன்னபோதும் மறுத்துவிட்டாள். அதனால் ஒரு வருடம் இழுத்தது. அந்த ஒரு வருடமும் அவளை நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்டில் வைவாவுக்குத் தேதி குறித்தார்கள். வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டு முடிப்பதுதான் வைவா. நம் பக்கத்தில் அன்றைக்கே பொன்னாடை, சாப்பாடு, பேனர் எல்லாம் வந்துவிடும். முதல் இரண்டையும் ஷெர்லின் பார்த்துக்கொண்டாள். பேனர் நான் தரும் சர்ப்ரைஸ். படப்பையில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் கார்முகிலுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். எங்கள் சர்ச் அசன விருந்துக்கெல்லாம் அவன்தான் பேனர் அடிப்பான். 

"அண்ணி எதுலண்ணா டாக்டரு?" என்று கேட்டான்.

"முஸ்லிம் நாட்டு பாலிடிக்ஸ்" என்றேன்.

"டெரரிஸ்ட் மேட்டராண்ணா?"

"அந்த மாதிரிதான். கெத்தா பண்ணு."

ஷெர்லின் போனிலிருந்து எட்டு போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் செகண்ட் ஷிஃப்டில் லைன் நின்று மேனேஜர் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் டிசைன் வந்தது. திறந்து பார்த்தேன். கீழே வலது மூலையில் 'வாழ்த்தும் கணவர்' என்று என் படம் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்தது. "என் போட்டோவ கொஞ்சம் பெருசு பண்ணு" என்று எழுதி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றையும் போட்டேன்.

வைவா நன்றாக நடந்தது. ஷெர்லின் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து கைதட்டினார். தேவி ரத்னாசாரி முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். சாப்பாடு முடிந்து எங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று தேவியையும் ஏற்றிக்கொண்டு காரில் கிளம்பினோம். ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டியை ஓரம் கட்டி, "ரெண்டு பேரும் எறங்குங்க, ஒண்ணு காட்டறேன்" என்றேன்.

ஷெர்லினுக்குப் பட்டமளிப்பு அங்கி போட்டிருந்தான் கார்முகில். அவள் பின்னால் தீ எரிந்தது. தீக்குள் முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். 'தீவிரவாதத்தின் வேரைத் தேடிய எங்கள் வீரமங்கை' என்று மஞ்சள் எழுத்து. துப்பாக்கியின் நுனிக்கு நேர் கீழே ஒரு வட்டம். வட்டத்துக்குள் முனவரோவும் ஆறு பெண்களும், முக்காடு போட்டு, வீடியோ காலில் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அனுப்பிய எட்டில் ஒன்று. பக்கத்தில் என் படம் நல்ல பெரிதாகவே இருந்தது.

தேவிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. வட்டத்தைக் காட்டி, பேசத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "இது என் சின்னம்மா?" என்று கேட்டாள். ஷெர்லின் கம்பைப் பிடித்து ஆட்டினாள். பட்டுப்புடவையோடு, லாரிகள் போகிற ரோட்டோரத்தில், டாக்டர் ஷெர்லின் சவுக்குக் கம்பை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். நான்தான் ஏறி கயிற்றை அறுத்தேன்.

"நீங்க டிசைன பாக்கலியா?" என்று கேட்டாள்.

"பாக்கல. அவன் எனக்குக் காட்டவே இல்ல" என்றேன்.

பேனர் நின்றது அரை நாள்தான். அதற்குள் அதைப் படம் பிடித்தவர்கள் எத்தனை பேரோ. என் கம்பெனிப் பையன்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அவளுடைய காலேஜ் குரூப்பில் பிரின்சிபாலே கைதட்டினார். ஒரு ஜெபக் கூட்டத்துக்காரர் போன் செய்து, "சிஸ்டர், டெரரிசம் பத்தி ஒரு அரை மணி நேரம் மெசேஜ் குடுக்கணும்" என்றார். ஏழு வருடம் அவள் எழுதியதை ஒருத்தரும் கேட்கவில்லை, எழுதாததைக் கேட்க ஆள்கள் வரிசையில் நின்றார்கள். தேவியின் கணவன் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு தமிழ்ப் பையன், உங்கள் ஊர்க்காரர்கள் படம் இருக்கிறதே என்று வெள்ளை மனதோடு அவர்கள் குரூப்பில் போட்டிருக்கிறான். மூன்றாம் நாள் அது ஜாவாவில் இருந்தது.

அங்கே அந்த நேரம் அடுத்த தேர்தலுக்கான உத்தேச வேட்பாளர் பட்டியல் வெளியாகி, பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்திருந்தார்கள். முனவரோ பெயர் மாவட்ட சபைக்கான பட்டியலில் இருந்தது. பதினைந்து வருடம் கட்சியில் நாற்காலி போட்டவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. அவருக்குக் கீழே பெயர் இருந்த ஒருவர் இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கட்சி ஆபீசில் கொடுத்தார். நம் ஊர்ப் பெண்களைத் தீவிரவாதிகளாகக் காட்ட வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது இந்த அம்மாதான் என்று சொன்னார். படம் அப்படித்தானே சொல்கிறது.

முனவரோ ஷெர்லினைக் கோபிக்கவில்லை. நடந்தது என்ன என்று அந்த பேனரை வைத்தவரே சொல்லட்டும், வீடியோ எடுத்து அனுப்பு, கட்சியில் காட்டுகிறேன் என்றார். ஷெர்லின் என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் செல்போனை எதிரே நிறுத்தி வைத்தாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரோட்டோரத்தில் சொன்ன பொய் தொண்டையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. "என் பேரு வில்சன். கடைக்காரப் பையன் டிசைன என்கிட்ட காட்டாமலே அடிச்சிட்டான். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உட்டிருக்க மாட்டேன்" என்றேன். ஷெர்லின் ஒவ்வொரு வரியையும் அவர்கள் மொழியில் சொன்னாள். என் பொய் அவள் குரலில் போனது. அவள் குரலை அந்த ஊரில் நாற்பத்தொரு பேர் நம்புவார்கள்.

கட்சியிலும் நம்பினார்கள். ஆனால் எழுத்தில் வேண்டும் என்றார்கள். கடைக்காரர் தன் தவறு என்று ஒரு கடிதம் எழுதிக் கடை சீல் போட்டு அனுப்பட்டும், மூன்று நாளில் முடிவு செய்கிறோம் என்றார்கள்.

"நான் போறேன்" என்று ஷெர்லின் கிளம்பினாள்.

"நீ எதுக்கு? நான் வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

முதல் நாள் ஓ.டி. என்றேன். இரண்டாம் நாள் கடை பூட்டியிருந்தது என்றேன். உண்மையில் கார்முகிலைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "வேற கடைங்க பாத்தா இன்னா நெனைப்பானுங்க? ப்ரூஃப் காட்டாம அடிச்சேன்னு எழுதிக் குடுத்தா எவன்ணா எனக்கு ஆர்டர் குடுப்பான்?" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டுக்குப் போய் ஷெர்லினிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வண்டியில் வரும்போது தீர்மானிப்பேன். செருப்பைக் கழற்றும்போது அது போய்விடும்.

மூன்றாம் நாள் காலேஜிலிருந்து நேராக அவளே கடைக்குப் போய்விட்டாள். கார்முகில் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னான். நானும் அவனும் வாட்ஸ்அப்பில் பேசியதைத் திறந்து அவன் போனை நீட்டியிருக்கிறான். அவள் மேலேயிருந்து கீழே வரை படித்திருக்கிறாள், தன் மாணவன் பேப்பரைத் திருத்துகிற மாதிரி. "ரொம்ப தேங்க்ஸ் தம்பி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. முனவரோவுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினாள். என் கணவர் சொன்னது பொய், நான் மொழிபெயர்த்ததும் பொய், டிசைனைப் பார்த்துச் சரி சொன்னது அவர்தான் என்று எழுதியதாக என்னிடம் சொன்னாள்.

"இத இப்ப சொன்னா அவங்களுக்குத்தான நஷ்டம்? ரெண்டு நாளு வாய மூடிகினு இருந்திருக்கலாமே" என்றேன். அந்தத் துணிச்சலும் எனக்கு இருந்தது.

"அவங்க சொல்றத அப்படியே எழுதுவேன்னு சொல்லித்தான் பேச வச்சேன்" என்றாள். "நான் சொல்றது மட்டும் பொய்யா இருக்கலாமா?"

முனவரோவால் அந்தச் செய்தியை எங்கேயும் காட்ட முடியவில்லை. நேற்று நம்பச் சொன்ன வீடியோ பொய் என்று இன்றைக்கு எந்த முகத்தோடு போய்ச் சொல்வார்? கடிதமும் வரவில்லை, அவகாசமும் முடிந்தது. கட்சி அவர் பெயரை எடுத்துவிட்டு, கீழே இருந்தவரை அந்த இடத்தில் போட்டது. தேவி தன் மகளின் இங்கிலீஷ் டியூஷனை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, இனிமேல் ஆன்லைனில் படிக்கப்போகிறாள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். நாற்பத்தொரு பேரில் ஒருவரும் அதற்கப்புறம் ஷெர்லின் அழைப்பை எடுக்கவில்லை. காலேஜில் அவள் பதவியில் அசிஸ்டென்ட் புரொபசர் என்பதை எடுத்துவிட்டு அசோசியேட் புரொபசர் என்று போட்டார்கள். சம்பளமும் ஏறியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் முனவரோவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஷெர்லின் அதைக் காதில் வைத்து இரண்டு முறை கேட்டாள். பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அவங்க என்மேல கோவப்படல" என்றாள். "உங்கள ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்னையா? இன்னா?"

"'ஏழு வருசம் உன் வூட்லருந்துதான் எங்ககிட்ட பேசின. அவரு பக்கத்துலதான் இருந்தாரு, டி.வி. சத்தம் எங்களுக்கும் கேக்கும். நீ இன்னா படிக்கறன்னு அவரு ஒரு நாள்கூட உன்ன கேக்கலியா?' அதான் கேள்வி."

அவள் செல்போனை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்து, ரெக்கார்ட் செய்யும் பொத்தானில் விரலை வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "நீங்க இன்னா சொல்றீங்களோ, நான் அப்படியே அவங்க பாஷைல சொல்றேன்."

கேட்டேன் என்று சொல்லத்தான் முதலில் வாயெடுத்தேன். எனக்குத் தெரியாத அந்த மொழியில் அவள் எதைச் சொன்னாலும் முனவரோ நம்புவார் என்பதும் ஞாபகம் வந்தது.

"கேக்கல" என்றேன்.

ஷெர்லின் அதை மொழிபெயர்த்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொல்லி அனுப்பிவிட்டு, சமையலறைக்குப் போனாள்.